செத்த மூளைச் செல் திரும்புமா, நினைவு திரும்புமா? பலத்த தலைக்காயத்துக்குப் பின் வீட்டார் கேட்கும் கேள்விகள்

பைக் விபத்திலோ, மாடியிலிருந்து விழுந்தோ தலையில் பலத்த அடிபட்டு ஒருவர் ஐ.சி.யு.வில் நினைவில்லாமல் கிடக்கும்போது, வெளியே நாற்காலியில் காத்திருக்கும் வீட்டார் மனதில் நூறு கேள்விகள் ஓடும். பார்வை நேரத்தில் டாக்டர் சொல்லிவிட்டுப் போகும் நாலு வார்த்தையில் அவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. இங்கே அவற்றில் முக்கியமானவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டர் சொல்வதுதான் முடிவு. அவரிடம் எதை, எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

அடிபட்டுச் செத்துப்போன மூளைச் செல்கள் மறுபடி முளைக்குமா?

முளைக்காது. தோல் கிழிந்தால் புதுத் தோல் வருகிறது, எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. மூளையின் நரம்புச் செல்லுக்கு அந்த வழி இல்லை. செல் செத்த இடத்தைத் துணைச் செல்கள் வந்து சூழ்ந்து தழும்பாக்கிவிடும். சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால் அந்த இடம் சுருங்கியோ நீர் நிறைந்தோ தெரியும்.

ஆனால் நினைவு திரும்ப, செத்த செல்கள் எழுந்து வந்தாக வேண்டும் என்பதும் இல்லை. நினைவு திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களில் எவருக்கும் செத்த செல் உயிர்த்து அது நடக்கவில்லை. பிழைத்திருந்த செல்கள் மறுபடி வேலைக்கு வந்ததால் நடந்தது. இதைப் புரிந்துகொண்டால் எதற்குச் செலவு செய்வது, எதற்குச் செய்யக்கூடாது என்பதில் பாதித் தெளிவு வந்துவிடும்.

பெரியவர்கள் மூளையிலும் புதிய செல் உருவாகிறது என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். அது நீண்ட காலமாக நடக்கும் ஆராய்ச்சிச் சண்டை.

நரம்பியலின் தந்தை எனப்படும் ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹால், 1906-இல் நோபல் பரிசு பெற்றவர், வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, அங்கே எல்லாம் சாகலாம், எதுவும் மறுபடி பிறக்காது என்று எழுதிவைத்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதுவே பாடம். 1960-களில் ஜோசப் ஆல்ட்மன் எலி மூளையில் புதிய நரம்புச் செல்களைக் கண்டார். பெரும்பாலானோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1980-களில் ஃபெர்னாண்டோ நோட்டபோம், பாடும் கேனரிப் பறவைகளின் மூளையில் அதையே காட்டியபோதுதான் கவனித்தார்கள்.

மனிதர்களிடம் முதல் சான்று 1998-இல் வந்தது. நோயறியும் பரிசோதனைக்காக, புதிதாகப் பிரியும் செல்லை அடையாளம் காட்டும் ஒரு பொருள் ஏற்றப்பட்டிருந்த புற்றுநோயாளிகள் ஐவரின் மூளையை, அவர்கள் இறந்த பிறகு ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் ஃபிரெட் கேஜும் ஆராய்ந்தார்கள். ஹிப்போகேம்பஸ் என்ற, ஞாபகத்துக்கான பகுதியில் புதிய செல்கள் இருந்தன. 2013-இல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரிசன் குழு இன்னும் வியப்பான வழியைப் பிடித்தது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14, அந்தக் காலத்தில் பிறந்த ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.விலும் முத்திரைபோலப் பதிந்திருக்கிறது. அதை வைத்துச் செல்லின் வயதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பக்க ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 புதிய நரம்புச் செல்கள் சேர்கின்றன என்றார்கள். 2018-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஒரு குழு, குழந்தைப் பருவத்துக்குப் பிறகு புதிய செல் எதையும் காண முடியவில்லை என்றது. அதே ஆண்டு வேறொரு குழு முதுமையிலும் இருக்கிறது என்றது. வாதம் ஓயவில்லை.

காயம்பட்டவரின் வீட்டாருக்கு இதில் தெரியவேண்டியது ஒன்றுதான். உருவாவதாகச் சொல்லப்படும் அந்த 700 செல்களும் ஒரு சின்ன மூலையில் உருவாகின்றன. மனித மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். நெற்றிப் பக்கமோ, மூளையை முதுகுத்தண்டோடு இணைக்கும் மூளைத்தண்டோ நசுங்கினால் இவை அங்கே போய் இடத்தை நிரப்புவதில்லை. ‘புதிய செல் உருவாகும் என்று விஞ்ஞானமே சொல்கிறது’ என்று யாராவது சிகிச்சை விற்க வந்தால், அவர் இந்த உண்மையின் பாதியை மட்டும் சொல்கிறார்.

செல் முளைக்காமல் நினைவு எப்படித் திரும்புகிறது?

விழித்திருப்பதற்கு மூளைத்தண்டின் மேல்பகுதியிலிருந்து கிளம்பும் ஒரு நரம்பு வலை வேண்டும். மொருசி, மகூன் என்ற ஆய்வாளர்கள் 1949-இல் பூனைகளில் அதைக் காட்டினார்கள். அது மூளையின் நடுவே இருக்கும் தலாமஸைத் தூண்ட, தலாமஸ் மேற்பரப்பு முழுவதையும் தூண்டுகிறது. விபத்தில் தலை வேகமாக ஆடி நிற்கும்போது, செல்கள் பிழைத்திருந்தாலும் அவற்றை இணைக்கும் நீண்ட இழைகள் இழுபட்டு அறுந்துபோகின்றன. சி.டி. ஸ்கேனில் பெரிய ரத்தக்கட்டு ஒன்றுமில்லை, ஆனால் ஆள் எழவில்லை என்று குழம்புவீர்களே, அதற்குப் பல நேரம் இதுதான் காரணம். எம்.ஆர்.ஐ.யில் ஓரளவு தெரியும்.

ஊருக்கே மின்சாரம் நின்றுவிட்டால் எல்லா வீடும் இடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கலாம். தலாமஸுக்குப் போகும் தூண்டுதல் குறைந்தால், நல்ல நிலையிலுள்ள பெரிய பகுதிகளும் மங்கிப்போகும். வீக்கம் வடிவது, ரத்தம் கரைவது, ரசாயனச் சமநிலை திரும்புவது ஆகியவை முதல் சில வாரங்களில் நடக்கும். அறுந்த இழைகளுக்குப் பதிலாக மிச்சமுள்ள செல்கள் புதுக் கிளை விட்டு வேறு பாதை போடுவது மாதக்கணக்கில், அபூர்வமாக ஆண்டுக்கணக்கில் நடக்கும். முதலில் வேகமாகத் தேறி, பிறகு ஆமை வேகத்தில் தேறுவதற்குக் காரணம் இதுவே.

அமெரிக்காவில் ஒருவர் 19 வருடம் கழித்துப் பேசினாராமே, உண்மையா?

உண்மைதான். பெயர் டெர்ரி வாலிஸ். அர்கன்சா மாநிலத்தின் மலைப்பகுதியில் 1984 ஜூலையில், ஏறக்குறைய இருபது வயதில், அவர் போன வண்டி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. பிறந்து சில வாரமே ஆன மகள் இருந்தாள். அவர் பிழைத்தார்; கை கால் விளங்கவில்லை, பேச்சு இல்லை. பராமரிப்பு இல்லத்தில் வைத்திருந்தார்கள். வீட்டார் அடிக்கடி வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூட வைத்துக்கொண்டார்கள். 2003 ஜூனில் ஒரு நாள், எதிரே வந்த தாயைப் பார்த்து ‘அம்மா’ என்றார். அடுத்து வந்த சொற்களில் ஒன்று ‘பெப்சி’. நாளாக ஆக வாக்கியமாகப் பேசினார். ஆனால் அவருக்கு இன்னும் 1984-தான், ரீகன்தான் ஜனாதிபதி. புதிய செய்திகள் மனதில் நிற்கவில்லை.

நியூயார்க்கின் வைல் கார்னல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஹென்னிங் வாஸ், நிக்கோலஸ் ஷிஃப் குழு, நரம்பிழைகளின் திசையைக் காட்டும் சிறப்பு எம்.ஆர்.ஐ.யை 18 மாத இடைவெளியில் இரண்டு முறை எடுத்து 2006-இல் வெளியிட்டது. மூளையின் பின்பக்க நடுப்பகுதியில் இழைகள் வழக்கத்துக்கு மாறாகச் செறிந்திருந்தன. இரண்டாம் முறை அது தணிந்து, அசைவுக்கு உதவும் சிறுமூளைப் பகுதியில் மாற்றம் தெரிந்தது. அதே காலத்தில் அவர் கால் அசைவும் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. பிழைத்த செல்கள் புதுக் கிளை விட்டிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அந்த ஸ்கேன் பார்ப்பது நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை. இழை வளர்வதை யாரும் கண்ணால் காணவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. வாலிஸ் 19 வருடம் முழு மயக்கத்தில் இருக்கவில்லை. அவ்வப்போது தலையசைப்பது, முனகிப் பதில் காட்டுவது என்று சிறு சிறு அறிகுறிகள் இடையிலேயே இருந்தன. அவர் இருந்தது, உணர்வு வந்து வந்து போகும் குறை உணர்வு நிலை. வீட்டார் அதைப் பார்த்திருந்தார்கள். வல்லுநர்கள் வந்து மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்ற அவர்கள் கோரிக்கைக்குப் பலன் கிடைக்கவில்லை. அவர் 2022-இல் காலமானார், கடைசி வரை பிறர் உதவியோடுதான்.

கண்ணைத் திறந்துவிட்டார். நினைவு வந்துவிட்டதா?

கண் திறப்பது விழிப்பு. சுற்றி நடப்பதும் தானும் தெரிவது உணர்வு. இரண்டும் சேர்ந்தால்தான் நாம் சொல்லும் நினைவு.

கோமாவில் கண் திறக்காது. கோமா பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் உயிர் போகும், அல்லது கண் திறக்கும். கண் திறந்து, தூங்கி விழித்து, கொட்டாவி விட்டு, ஆனால் எதையும் உணராமல் கிடப்பது உணர்வற்ற விழிப்பு நிலை. ஜெனட்டும் பிளமும் 1972-இல் இதை வரையறுத்தார்கள். அதற்கு மேல்படிதான் குறை உணர்வு நிலை: நிச்சயமான உணர்வு உண்டு, ஆனால் வந்து வந்து போகும். இதற்கு 2002-இல்தான் முறையான வரையறை வந்தது. டெர்ரி வாலிஸ் அடிபட்ட காலத்தில் அப்படியொரு பெட்டியே மருத்துவத்தில் இல்லை.

‘என் பிள்ளைக்குத் தெரியுது’ என்கிறார் அம்மா. ‘வெறும் ரிஃப்ளெக்ஸ், தானாக வரும் அசைவு’ என்கிறார் டாக்டர். யார் சொல்வது சரி?

சில நேரம் டாக்டர், சில நேரம் அம்மா. பெல்ஜியத்தின் லியேஜ் நகரக் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வே இல்லை என்று மருத்துவர்கள் ஒருமித்துச் சொன்னவர்களில் 41 சதவீதத்தினருக்கு, முறையான அளவுகோலால் சோதித்தபோது உணர்வின் அறிகுறி இருந்தது. டாக்டர்களின் அலட்சியம் இதற்குக் காரணமல்ல. குறை உணர்வு நிலையில் உள்ளவர் காலையில் ஐந்து நிமிடம் தெளிந்து, ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் அயர்ந்திருப்பார். அதனால் ஒரே வாரத்தில் வெவ்வேறு நேரங்களில் பல முறை சோதிக்க வேண்டும். அதற்கான அளவுகோல் சி.ஆர்.எஸ்.-ஆர், 0 முதல் 23 வரை மதிப்பெண். உங்கள் மருத்துவமனையில் செய்வார்களா என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

உள்ளங்கையில் விரலை வைத்தால் இறுகப் பிடித்துக்கொள்வது பிறந்த குழந்தைக்கும் உள்ள அனிச்சை. ‘பிடி’ என்று சொல்லிப் பிடித்தார் என்பதில் நிச்சயமில்லை. ‘விடு’ என்று சொல்லி விட்டாரானால் அதற்கு மதிப்பு அதிகம். கட்டைவிரலைத் தூக்கச் சொல்லுங்கள். பத்து, பதினைந்து விநாடி பொறுத்திருங்கள். அவசரப்பட்டு மறுபடி மறுபடி சொன்னால் தற்செயலான அசைவையும் பதிலாக எண்ணிவிடுவோம். சொல்லாதபோதும் அதே அசைவு வருகிறதா என்று பாருங்கள்.

கண்ணீர், சிரிப்பு, முனகல், பல்லைக் கடிப்பது ஆகியவை உணர்வின்றியும் வரும். ஆனால் தங்கை குரலுக்கு மட்டும் முகம் மாறுகிறது, மற்றவர் பேசினால் மாறுவதில்லை, இது திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் அது குறித்துவைக்க வேண்டிய செய்தி.

இன்னொன்று, ஒரு கைக்கண்ணாடி. உணர்வின் முதல் அறிகுறியாகப் பல நேரம் வருவது கண்ணால் பின்தொடர்தல். பேனாவையோ டார்ச்சையோ காட்டினால் பின்தொடராத கண், தன் முகம் தெரியும் கண்ணாடியைப் பின்தொடர்வதை லியேஜ் குழுவே காட்டியிருக்கிறது. தலைமாட்டை நன்றாக உயர்த்தி உட்காரவைத்து, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கண்ணாடியைப் பிடித்து, முகம் அதில் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு, இடமும் வலமும் மேலும் கீழுமாக மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு மூன்று முறை கண் கூடவே வந்தால் நேரத்தோடு குறித்துவையுங்கள், முடிந்தால் வீடியோ எடுங்கள். ‘தெரியுது டாக்டர்’ என்று பத்து முறை சொல்வதைவிட அந்த அரை நிமிட வீடியோ அவரை மறுபடி சோதிக்க வைக்கும்.

ஒரு அசைவும் இல்லாதவருக்கு உள்ளுக்குள் நினைவு இருக்க முடியுமா?

முடியும். 2006-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன், விபத்துக்குப் பிறகு ஐந்து மாதமாக எந்தப் பதிலும் காட்டாத 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். நலமாக இருப்பவர்களுக்கு எந்த இடம் ஒளிர்கிறதோ அதே இடம் அவருக்கும் ஒளிர்ந்தது. வீட்டின் அறைகளுக்குள் நடப்பதாக நினைக்கச் சொன்னபோது வேறு இடம். 2010-இல் அதையே மொழியாக்கினார்கள்: ஆம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு. ஒரு நோயாளி தன் குடும்பம் பற்றிய ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியாகப் பதில் சொன்னார்.

2024-இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், சொன்னதைச் செய்யும் அறிகுறி எதுவும் இல்லாத 241 பேரில் 60 பேருக்கு, அதாவது நாலில் ஒருவருக்கு, எம்.ஆர்.ஐ.யிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ கட்டளையைப் பின்பற்றும் அடையாளம் கிடைத்தது. இந்தச் சோதனைகள் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பவை அல்ல, கிடைக்காவிட்டால் மனமுடைய வேண்டாம். படுக்கையருகே நின்று ‘இனி இவன் அவ்வளவுதான்’ என்று பேசாதீர்கள், வந்த உறவினர்களையும் பேசவிடாதீர்கள். செலவில்லாமல் எல்லோராலும் செய்யக்கூடியது அது.

ஜி.சி.எஸ். 5 என்கிறார்கள். நம்பிக்கை இருக்கிறதா?

நினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை அளக்க, கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜெனட்டும் 1974-இல் உருவாக்கிய அளவு அது. கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. ஒன்றுமே இல்லையென்றாலும் 3. எட்டும் அதற்குக் கீழும் பலத்த காயம். தொண்டையில் குழாய் இருப்பவர் பேச முடியாது, மயக்க மருந்து ஓடுபவர் அசைய மாட்டார். ஆகவே அந்த எண் எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மூன்றில் அசைவின் மதிப்பெண்தான் கனமானது. கூடவே வயதும், கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பதும்.

எவ்வளவு காலம் என்பதற்கு: அமெரிக்காவின் 18 மையங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வாரத்தில் உணர்வற்ற விழிப்பு நிலையில் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் உணர்வு திரும்பியது. இடம், காலம் தெரியும் அளவுக்குத் தெளிந்தவர்கள் 25 சதவீதம். இரண்டு எண்ணையும் சேர்த்தே படிக்க வேண்டும். நினைவு திரும்புவது வேறு, பழைய ஆளாகத் திரும்புவது வேறு.

விபத்துக்காயத்தில் 12 மாதம் கடந்தால் அது நாள்பட்ட நிலை எனப்படும். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் கைவிட்டது. அதற்குப் பிறகும் சிலர் மெல்ல மேலேறுகிறார்கள் என்பதால். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் முழுநேர உதவியோடுதான் வாழ்கிறார்கள்.

என் கணவருக்கு அடி இல்லை, மாரடைப்பில் மூச்சு நின்று மீண்டவர். இதெல்லாம் அவருக்கும் பொருந்துமா?

முழுதாகப் பொருந்தாது. மாரடைப்பு, தூக்கு, நீரில் மூழ்குதல் போன்றவற்றில் பிராணவாயு நின்று மூளை முழுதும் செல்களே சாகின்றன. அடிபட்டவர்களில் இணைப்பு அறுவது அதிகம். அதனால்தான் அவர்களுக்கு ஓராண்டு என்னும் கெடு இங்கே மூன்று மாதம் மட்டுமே. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கோமாவும் மூளைச்சாவும் ஒன்றா?

இல்லை. மூளைச்சாவு மரணம். மூளைத்தண்டு உட்பட மூளை முழுதும் நின்று, வென்டிலேட்டர் தள்ளும் காற்றால் இதயம் மட்டும் ஓடுகிறது. அதிலிருந்து யாரும் திரும்பியதில்லை. இந்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் அறிவிக்க வேண்டும். சோதனைக்கு முன் மயக்க மருந்து, விஷம், உடல் குளிர்ந்துபோவது ஆகியவை இல்லை என்று உறுதி செய்வார்கள்.

‘செத்தவன் பிழைத்தான்’ என்ற ஊர்க்கதைகளில் சில, முறையான சோதனை இல்லாமல் கைவிடப்பட்டவர்களுடையவை. கட்டுவிரியன் கடி நல்ல உதாரணம். அதன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பை அடைத்துவிடும். இமை தொங்கி, மூச்சு நின்று, கண்மணி விரிந்து அசையாமல், பார்த்தால் மூளைச்சாவு போலவே இருக்கும். மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில நாள் வென்டிலேட்டரில் வைத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

2016-இல் உத்தராகண்டின் ருத்ரபூரில், மூளைச்சாவு அடைந்தவர்களுக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்), லேசர் எல்லாம் கொடுத்து உயிர்ப்பிக்கப் பார்க்கும் திட்டம் ஒன்று உலகச் செய்தியானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தலையிட்டு, சோதனைப் பட்டியலிலிருந்து அதை நீக்கவைத்தது. செய்தியின் முதல் பாதி மட்டும் இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

மூளை செல் வளர ஊசி போடுகிறார்கள். பயன் உண்டா?

அதிகம் எழுதப்படுவது சிட்டிகோலின். அமெரிக்காவில் 1,213 பேரிடம் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள்: சர்க்கரைக் கரைசல் போன்ற வெறும் மாற்று மருந்தைவிடப் பலன் இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. 2014-இல் இரண்டு பெரிய சோதனைகள் தோற்றன. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஒரு காலத்தில் தாராளமாகப் போட்டார்கள். சுமார் 10,000 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான ‘கிராஷ்’ சோதனையில் ஸ்டீராய்டு பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள்.

சான்று உள்ளது அமான்டடின். ஒரு காலத்தில் ஃப்ளூவுக்குத் தந்த, இப்போதும் நடுக்குவாதத்துக்குத் தரும் பழைய மாத்திரை. காயமடைந்து 4 முதல் 16 வாரத்தில் இருந்த 184 பேரிடம் சோதித்து 2012-இல் வெளியிட்டார்கள். மருந்து கொடுத்த நான்கு வாரமும் தேறும் வேகம் கூடியது. நிறுத்தியதும் வேகம் குறைந்தது. செல்லை வளர்ப்பதில்லை, மங்கிக் கிடக்கும் சுற்றைத் தூண்டுகிறது. வலிப்பு உள்ளவருக்கு, சிறுநீரகம் பழுதானவருக்கு ஆபத்தாகலாம். டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தூக்க மாத்திரையான சோல்பிடெம் சிலரை விழிக்கவைத்த வீடியோக்கள் உண்மை. ஆனால் சோதனையில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் அது நடந்தது, அதுவும் மருந்தின் வேகம் இருக்கும் சில மணி நேரம்.

போடும் மருந்துகளைப் போலவே, எதைக் குறைக்கலாம் என்பதும் முக்கியம். வலிப்பு மருந்து, விறைப்பு மருந்து, தூக்க மருந்து சேர்ந்து ஆளை அமுக்கிவைத்திருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘இதில் குறைக்கக்கூடியது ஏதாவது உண்டா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நகையை விற்றாவது செய்யலாமா?

வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குத் தவிர ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகத் தரக்கூடாது. தலைக்காயத்துக்கு ஆராய்ச்சியாக மட்டுமே தரலாம். ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. பணம் கேட்கிறார்கள் என்பதிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பணம் ஓராண்டு பிசியோதெரபிக்கும் ஒரு நல்ல பராமரிப்பாளருக்கும் ஆகும்.

மண்டை ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து வயிற்றில் வைத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

வீங்கிய மூளைக்கு இடம் கொடுக்க எடுத்த எலும்பை, கெடாமலிருக்க வயிற்றுத் தோலுக்கடியில் வைப்பது இங்கே வழக்கமான முறை. வீக்கம் வடிந்ததும் திரும்ப வைப்பார்கள். அதுவரை அந்தப் பக்கம் படுக்கவைக்கக்கூடாது. உட்காரவைத்தால் தலையின் அந்த இடம் குழிந்து, ஆளும் மங்குகிறார் என்றால் உடனே சொல்லுங்கள். எலும்பை வைத்ததும் சிலர் நன்றாகத் தெளிவதுண்டு.

தேறிக்கொண்டு வந்தவர் பின்வாங்குகிறார். மூளை மறுபடி கெடுகிறதா?

பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கும். மூளைக்குள் நீர் தேங்குவது முக்கியமான ஒன்று; சி.டி.யில் தெரியும், நீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்தால் சரியாகலாம். வெளியே துடிக்காத வலிப்பு இ.இ.ஜி.யில் மட்டும் தெரியும். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, சோடியம் குறைவது ஆகியவையும் உண்டு. ‘இது இப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது?

மூளை தேற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை உடல் தாங்க வேண்டும். இந்த நோயாளிகளைப் பிற்பாடு கொல்வது பெரும்பாலும் நிமோனியா, படுக்கைப்புண்ணிலிருந்து பரவும் தொற்று போன்றவை.

டிஸ்சார்ஜுக்கு முன் வார்டு சிஸ்டரிடம் நின்று கற்றுக்கொள்ளுங்கள்: மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளையில் சளி உறிஞ்சுவது, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபில் உணவு கொடுப்பது, ட்யூப் நழுவினால் என்ன செய்வது. அவர் பார்க்க நீங்களே ஒருமுறை செய்துகாட்டுங்கள். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். இடுப்பின் பின்புறம், குதிகால், காதுமடல் மூன்றையும் தினம் பாருங்கள், சிவந்து அழுத்தினாலும் வெளுக்காத இடம் புண்ணின் தொடக்கம். உணவு கொடுக்கும்போதும் அடுத்த அரை மணி நேரமும் தலைமாடு உயர்ந்திருக்கட்டும். வாய் வழியாக ஒரு கரண்டி தண்ணீர்கூட, விழுங்கும் சோதனை செய்யாமல் வேண்டாம். பாசத்தில் ஊட்டிய பால் நுரையீரலுக்குப் போய்விடும். கணுக்காலையும் விரல்களையும் நீட்டி மடக்குவதை ஒரு நாளும் விடாதீர்கள். நினைவு திரும்பும்போது கால் மடங்கி இறுகிவிட்டிருந்தால் நிற்கவைக்க முடியாது.

பகலில் வெளிச்சம், உட்காரவைத்தல், பெயர் சொல்லிப் பேச்சு. இரவில் இருட்டு, அமைதி. டி.வி.யை நாள் முழுக்க ஓடவிடுவது தூண்டுதல் அல்ல, இரைச்சல். பத்து நிமிடம் அவருக்குத் தெரிந்த பழைய சம்பவத்தைச் சொல்லுங்கள், பிறகு ஓய்வு கொடுங்கள்.

தமிழ்நாட்டில் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021-இல் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் உண்டு. அதற்குப் பிறகான நீண்ட மறுவாழ்வுச் செலவைக் குடும்பமே சுமக்கிறது. அரசு கவனிக்க வேண்டிய பெரிய குறை இது என்பது எங்கள் கருத்து.

பேச ஆரம்பித்துவிட்டார், ஆனால் அடிக்கிறார், கெட்ட வார்த்தை பேசுகிறார், என்னைத் தெரியவில்லை என்கிறார்.

தேறும் வழியில் வரும் ஒரு கட்டம் அது. புதிய ஞாபகம் பதியாத குழப்பம்; சொன்னதை மறுநிமிடம் மறப்பார். கட்டிப்போடுவது வெறியைக் கூட்டும். ‘நான் யாரு சொல்லு பார்ப்போம்’ என்று சோதிக்காதீர்கள், தோற்கத் தோற்கக் கோபம் வரும். ‘நான் உன் அக்கா வந்திருக்கேன், இது ஆஸ்பத்திரி, இன்னிக்கு வியாழக்கிழமை’ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கண்ணில் படும் இடத்தில் பெரிய நாள்காட்டியும் கடிகாரமும் மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அருகில் இருங்கள். பலருக்கு இது சில வாரங்களில் அடங்கும். நேற்று என்ன சாப்பிட்டோம் என்று அவரே சொல்லத் தொடங்கும் நாளைத் தேதியோடு குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்தக் குழப்பம் எத்தனை நாள் நீடித்தது என்பதை வைத்துத்தான், இனி எவ்வளவு தேறுவார், வேலைக்குப் போக முடியுமா என்பதை அவரால் ஓரளவு கணிக்க முடியும்.